புற்றுநோய் இறப்பைக் குறைக்கும் திட்டம்: முதல் பணம் எதற்குப் போக வேண்டும்?

வரைவாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொது சுகாதாரத் திட்டங்களுக்கு வரைவு எழுதும் சிறிய குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். புற்றுநோயால் நேரும் இறப்புகளைப் பத்தாண்டுகளில் கணிசமாகக் குறைப்பதற்கான திட்டத்தின் முதல் பகுதியை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. என் கைக்கு வந்த பழைய வரைவில் பாதிக்கும் மேற்பட்ட நிதி, ‘ஆரம்பத்திலேயே கண்டறிவோம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ், பரிசோதனை முகாம்களுக்கும் நடமாடும் சோதனை வண்டிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதைத் தவிர வேறு எந்த இலக்கும் அதில் இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

சுமையின் அளவை ஒரு முறை எழுதிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 லட்சம் பேர் இறந்தார்கள். அவற்றில் நுரையீரல் புற்றால் மட்டும் சுமார் 18 லட்சம் இறப்புகள். அதற்கடுத்துப் பெருங்குடல், மலக்குடல் புற்றுகளால் 9 லட்சம், கல்லீரல் புற்றால் 7.6 லட்சம், மார்பகப் புற்றால் 6.7 லட்சம், இரைப்பைப் புற்றால் 6.6 லட்சம். 2050இல் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 3.5 கோடியைத் தாண்டும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்திருக்கிறது.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய நிதி இல்லாத இடத்தில், முதல் பணம் எதற்குப் போக வேண்டும்?


பதிவேட்டுக்காரர் எழுதியது:

வரைவாளர் அவர்களுக்கு வணக்கம். நான் புற்றுநோய்ப் பதிவேட்டில் புள்ளிவிவரம் பார்ப்பவன். எதற்குச் செலவிடுவது என்று கேட்பதற்கு முன், வெற்றியை எதைக் கொண்டு அளக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அளவுகோல் தவறாக இருந்தால், தோல்வியுற்ற திட்டமும் வெற்றி விழா கொண்டாடிவிடும்.

‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்’ என்ற எண்ணை எல்லோரும் விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். ஒருவருக்கு 67 வயதில் இருமலோடு நோய் தெரியவந்து, 70 வயதில் அவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஐந்தாண்டு வாழாதவர் கணக்கில் சேருவார். அதே நோயை ஒரு கருவி 62 வயதிலேயே காட்டிக்கொடுத்து, சிகிச்சையால் எந்தப் பயனும் விளையாமல் அவர் அதே 70 வயதில், அதே நாளில் இறந்தாலும், அவர் எட்டாண்டு வாழ்ந்தவராகி வெற்றிக் கணக்கில் ஏறிவிடுவார். அவருக்குக் கிடைத்தது கூடுதலாக ஐந்தாண்டு ஆயுள் அன்று; நோயாளி என்ற பெயரோடு கூடுதலாக ஐந்தாண்டு.

கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அப்படித்தான் ஏமாற்றும். தென்கொரியாவில் கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பரவலானபோது, 2011இல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கானது. அந்தப் புற்றால் இறப்பவர்களின் விகிதமோ அசையவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காக ஏராளமானோர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குபவர்களானார்கள்.

ஆகவே, உங்கள் முதன்மை அளவுகோல் வயது சீராக்கிய இறப்பு விகிதமாக, அதாவது மக்கள்தொகையின் வயது வேறுபாட்டைக் கழித்துக் கணக்கிட்ட விகிதமாக, இருக்கட்டும். மக்கள்தொகை மூப்படையும்போது மொத்த இறப்பு எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துத் திட்டம் தோற்றுவிட்டது என்று சொல்வதும் பிழையே. அந்த விகிதம் மாறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இடைக்காலத்தில் பார்ப்பதற்கு இன்னொன்று வேண்டும்: நோய் எந்த நிலையில், அதாவது எவ்வளவு பரவிய பின், கண்டறியப்படுகிறது என்ற விவரம். பதிவேடுகளில் மிக அதிகமாக வெற்றிடமாகக் கிடப்பது அந்தக் கட்டம்தான்.


புகையிலா நாள் எழுதியது:

பதிவேட்டுக்காரர் ஐயா சொன்ன அளவுகோலையே எடுத்துக்கொண்டால், விடை புகையிலையில்தான் தொடங்க வேண்டும். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இலேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில், ‘சர்ஜன் ஜெனரல்’ எனப்படும் அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியின் அறிக்கை 1964இல் வந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததோ 2005இல்தான். அந்த இடைவெளியில் இறந்தவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

அமெரிக்காவில் 1975 முதல் 2020 வரை ஐந்து வகைப் புற்றுகளில் தவிர்க்கப்பட்ட இறப்புகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2024இல் வெளியிட்டார்கள். மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல், நுரையீரல், புராஸ்டேட் ஆகிய ஐந்திலுமாகச் சுமார் 59 லட்சம் இறப்புகள் தவிர்க்கப்பட்டன. அதில் 80 விழுக்காடு தடுப்பாலும், அறிகுறி இல்லாதவர்களைச் சோதிக்கும் ஸ்கிரீனிங்காலும் வந்தது, சிகிச்சை முன்னேற்றத்தால் வந்தது மீதி மட்டுமே. நுரையீரல் புற்றில் தவிர்க்கப்பட்ட 34.5 லட்சம் இறப்புகளில் 98 விழுக்காடு, மக்கள் புகையை விட்டதாலும் தொடாமல் இருந்ததாலும் கிடைத்தது.

தடுப்பு என்றால் பலன் நம் பேரர் காலத்தில்தான் வரும் என்று நிதி ஒதுக்குபவர்கள் சலித்துக்கொள்வார்கள். அது பாதி உண்மைதான். சிறுவர்கள் புகைக்கத் தொடங்காமல் காத்தால் அதன் பலன் தெரிய முப்பது நாற்பது ஆண்டுகள் ஆகும். ஆனால், இன்று புகைத்துக்கொண்டிருக்கும் நடுவயதினர் நிறுத்தினால், பத்தாண்டுகளில் அவர்களுடைய நுரையீரல் புற்று அபாயம், தொடர்ந்து புகைப்பவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாகிவிடும். பத்தாண்டுத் திட்டம் என்றால், பள்ளிச் சுவரொட்டியைவிட, நிறுத்த விரும்புபவருக்கு ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் கொடுக்கும் அறைதான் முதலில் வேண்டும். மேலும், புகையிலை வரி என்பது செலவே அன்று, அது வருமானம். முதல் பணம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்குள் அது வரவே வராது.

தடுப்பூசிகளையும் மறந்துவிட வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசுக்கு எதிரான தடுப்பூசியைக் கைக்குழந்தைகளுக்குப் போடுவதைத் தைவான் 1984இல் தொடங்கியது. அந்தத் தலைமுறைச் சிறுவர்களிடம் கல்லீரல் புற்று தெளிவாகக் குறைந்தது. ஸ்காட்லாந்தில், 12, 13 வயதில், கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரசுக்கு எதிரான தடுப்பூசியை முழுமையாகப் பெற்ற பெண்களில் ஒருவருக்குக்கூட ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்று பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.


நடுநிலை மருத்துவர் எழுதியது:

இந்த விவாத இழையின் போக்கைப் பார்த்தால், ஸ்கிரீனிங் என்றாலே ஏமாற்று வேலை என்ற எண்ணத்தோடு வரைவாளர் எழுந்து போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன். அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பது எல்லாப் புற்றுக்கும் பொருந்தாது. பொருந்தும் இடங்களில் அதற்கு ஈடும் இல்லை. கருப்பை வாயிலும் பெருங்குடலிலும் நாம் தேடுவது புற்றைக்கூட அன்று, புற்றாக மாறவிருக்கும் திசுவையும் சிறு முளைகளையும். அவற்றை அகற்றிவிட்டால் நோயே வருவதில்லை. ஊரக மகாராஷ்டிரத்தில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை செய்யப்பட்ட எச்பிவி சோதனை, எட்டாண்டுகளில் கருப்பை வாய்ப் புற்று இறப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. நீண்ட காலம் அதிகமாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிரளவில் சி.டி. ஸ்கேன் எடுப்பது, மார்பு எக்ஸ்ரே எடுப்பதோடு ஒப்பிடுகையில் நுரையீரல் புற்று இறப்பை 20 விழுக்காடு குறைத்தது என்று அமெரிக்கப் பெருஞ்சோதனை 2011இல் காட்டியது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சூலகப் புற்றுக்கான ஸ்கிரீனிங்கைச் சோதித்தார்கள். இரத்தச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட முறையில் பலருடைய நோய் முந்தைய நிலையிலேயே கண்டறியப்பட்டது; ஆனாலும், 2021இல் முடிவு வந்தபோது இறப்பு குறைந்திருக்கவில்லை. ஜப்பான் 1984 முதல் கைக்குழந்தைகளிடம் நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றைத் தேடிவந்து, தானாக மறையக்கூடிய கட்டிகளுக்கே பெரும்பாலும் கத்தி வைக்கிறோம் என்று உணர்ந்து, 2003இல் அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. தொடங்கிய திட்டத்தை நிறுத்தும் துணிவு அரிது என்பதால் அந்த நாட்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

எந்த நோய்க்கு ஸ்கிரீனிங் பொருந்தும் என்று வில்சன், யுங்னர் இருவரும் 1968இல் வகுத்த விதிகள் இன்றைக்கும் பழையதாகவில்லை. அவற்றில் ஒன்று, நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சை தரும் வசதி இருக்க வேண்டும் என்பது. சிகிச்சைக்கு இடமில்லாத ஊரில் சோதனை வண்டியை ஓட்டுவதை நான் மருத்துவமாகக் கருதுவதில்லை.


ஆறாம் மாதம் எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். இவ்வளவு அறிந்தவர்களுக்கு நடுவே எழுதத் தயக்கமாக இருக்கிறது. என் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பதை எந்த வண்டியும் கண்டுபிடிக்கவில்லை. அவரே குளிக்கும்போது கண்டுபிடித்தார், அந்த வாரமே மருத்துவரிடம் போகவும் செய்தார். சாதாரணக் கட்டிதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் ஊசிவழித் திசு எடுத்து அனுப்பினார். அந்த அறிக்கை எங்கள் கைக்கு வரவே இல்லை. மூன்று முறை போய்க் கேட்ட பின், மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்றார்கள். நோய் உறுதியாகி, அறுவைக்கு நாள் குறித்தபோது கட்டியை அவர் கையால் உணர்ந்து ஆறாவது மாதம். அதற்குள் நோய் மூன்றாம் நிலைக்குப் போயிருந்தது.

என் அம்மா எந்த விழிப்புணர்வுக் குறைவாலும் தாமதிக்கவில்லை. ‘மக்கள் தாமதமாக வருகிறார்கள்’ என்று எந்தத் திட்டத்தில் படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவர் வந்தார், நீங்கள்தான் கதவைத் திறக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த ஆறு மாதம் உங்கள் வரைவில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


வரைவாளர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்கு மறைக்காமல் விடை சொல்கிறேன். எந்தத் தலைப்பின் கீழும் வராது. ‘கண்டறிதல்’ என்ற பகுதி சோதனையோடு முடிகிறது. ‘சிகிச்சை’ என்ற பகுதி நோய் உறுதியான நாளில் தொடங்குகிறது. இடையில் உள்ள நாட்களுக்குப் பொறுப்பாளரும் இல்லை, நிதியும் இல்லை.


நடுநிலை மருத்துவர் எழுதியது:

அந்த இடைவெளிக்குத்தான் முதல் பணம் போக வேண்டும் என்பது என் கருத்து. மார்பகப் புற்றுக்காக உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய முயற்சி மூன்று எண்களை வைக்கிறது. கண்டறியப்படுபவர்களில் 60 விழுக்காட்டினராவது முதல் இரு நிலைகளில் இருக்க வேண்டும். முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதியாக வேண்டும். 80 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். நடுவில் உள்ள 60 நாள் என்ற எண் கருவி வாங்குவதால் நிறைவேறாது. திசுவைப் பார்த்துச் சொல்லும் நோயியல் நிபுணர், மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்க்கும் ஆள், அறிக்கை வந்ததும் நோயாளியைத் தேடிச் சொல்லும் ஆள் ஆகியோர் இருந்தால்தான் நிறைவேறும். நோயியல் ஆய்வகம் அடித்தளத்தில் ஓர் ஓர அறையில் இருப்பதால் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. திறப்பு விழாவுக்கு அது ஏற்ற இடமும் அன்று.

தாமதத்தின் விலை என்ன என்பதும் தெரிந்ததுதான். ஏழு வகைப் புற்றுகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான பகுப்பாய்வு, அறுவை நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது என்று காட்டியது. டென்மார்க் தன் புற்றுநோய் இறப்பு அண்டை நாடுகளைவிட மோசமாக இருப்பதைக் கண்டு, புற்று என்ற சந்தேகத்தையே அவசர நிலையாக நடத்துவதென 2007இல் முடிவெடுத்து, ஒவ்வொரு வகைப் புற்றுக்கும் எத்தனை நாளுக்குள் என்ன நடந்தாக வேண்டும் என்று வழித்தடம் வகுத்தது. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நாட்களை எண்ணத் தொடங்கினார்கள்.

ஆறாம் மாதம் அவர்களுக்கு: உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது எனக்குப் புதிதாக இல்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.


புகையிலா நாள் எழுதியது:

மருத்துவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மார்பகப் புற்றுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும். நுரையீரல், கல்லீரல், கணையம் போன்றவற்றில் நாட்களை எவ்வளவு சுருக்கினாலும் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இறப்புப் பட்டியலின் உச்சியில் இருப்பது நுரையீரல் என்பதை மறந்து, கண் முன்னே உள்ள துயரத்தைக் கொண்டு மட்டும் நிதியைப் பங்கிடக் கூடாது. நோயே வராமல் போனவர் எந்த இழையிலும் வந்து தன் கதையை எழுதப் போவதில்லை.


நடுநிலை மருத்துவர் எழுதியது:

நியாயமான குறுக்கீடு. ஆயினும், வரி வருமானம் என்று நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் வரியும் சட்டமும் நிதிக்குப் போட்டியில்லை. அவை சட்டம் இயற்றுபவர்களிடம் துணிவைக் கேட்கின்றன. நிறுத்த உதவும் அறைகளுக்கான செலவை முதல் வரிசையில் சேர்ப்பதில் எனக்குத் தடை இல்லை.


இரவுப்பணிச் செவிலி எழுதியது:

அறுவை வரை பேசிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். கீமோதெரபி தொடங்குபவர்கள் எல்லோரும் முடிப்பதில்லை. இரண்டாம் சுற்றுக்குப் பின் முடி உதிர்ந்து, வாய்ப்புண்ணோடு வீடு திரும்புபவருக்குக் கட்டி சுருங்கியதே குணமானதாகத் தோன்றுகிறது. பயணம், தங்கும் இடம், இழந்த கூலி ஆகியவை சேர்ந்துகொண்டால் அவர் மூன்றாம் சுற்றுக்கு வருவதில்லை. ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படும். அது வாரக்கணக்கில் நாள்தோறும் வர வேண்டிய சிகிச்சை. மருந்து இலவசம் என்று அறிவித்துவிட்டு, வந்துபோகும் வழிக்கும் தங்குவதற்கும் எதுவும் ஒதுக்காத திட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளிடம் இந்த வேறுபாடு மிகக் கொடுமையாகத் தெரியும். வருமானம் மிகுந்த நாடுகளில் புற்று வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள்; ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. புற்று ஒன்றுதான், மருந்துகளில் பெரும்பாலானவை பழையவை, காப்புரிமை முடிந்தவை. தவறான கண்டறிதலும், மருந்து இடையில் தீர்ந்துபோவதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும்தான் அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன.

இறப்பைக் குறைக்கும் திட்டத்தில் வலி நிவாரணத்துக்கு இடமில்லை என்று ஒரு கூட்டத்தில் வாதிட்டார்கள். வலியோடு துடிப்பவர் சிகிச்சையை முடிக்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், பிழைக்க முடியாதவருக்கு மார்ஃபின் கொடுப்பதற்கு இறப்பு விகிதத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.


விலைப்பட்டியல் எழுதியது:

புதிய மருந்துகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. இன்று பத்திரிகைகள் கொண்டாடுவது அவற்றைத்தான்.


இரவுப்பணிச் செவிலி எழுதியது:

எல்லாப் புதிய மருந்தையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. 2001இல் வந்த இமாட்டினிப், ஒரு வகை நாட்பட்ட இரத்தப் புற்றை, மாத்திரையோடு பல்லாண்டு வாழக்கூடிய நோயாக மாற்றியது. 2015இல் அதுவும் மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுஸுமாப்பும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. ஆயுளைச் சில வாரங்கள் மட்டுமே நீட்டும் மருந்துகளும் அதே உற்சாகத்தோடு விற்கப்படுகின்றன. வரைவாளர் ஐயா, பட்டியலை ஆண்டுதோறும் திருத்துவதற்கு நோயாளிகளையும் சேர்த்த குழு ஒன்றை எழுதி வைத்தால் போதும். மருந்துப் பெயர்களைத் திட்டத்துக்குள் எழுதாதீர்கள்.


வரைவாளர் எழுதியது:

நான்கு நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, முதல் பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன். இலக்கு, வயது சீராக்கிய இறப்பு விகிதம். ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய எண்கள் மூன்று: கண்டறியப்பட்ட நிலை, முதல் வருகையிலிருந்து நோய் உறுதியாகும் வரையான நாட்கள், சிகிச்சையை முடித்தவர்களின் விழுக்காடு. சோதனை வண்டிகளுக்கான தொகையில் பெரும்பகுதியை நோயியல் ஆய்வகங்களுக்கும், நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வழிகாட்டுநர்களுக்கும் மாற்றியுள்ளேன். ஸ்கிரீனிங்கை முதலில் கருப்பை வாய்ப் புற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். 35 வயதுக்குள் ஒரு முறை, 45 வயதுக்குள் மீண்டும் ஒரு முறை, எச்பிவி சோதனையோடு. பெருங்குடலுக்கான சோதனை, குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்ய வரிசை நீளாது என்று உறுதியான இடங்களில் மட்டுமே தொடங்கும். புகையை நிறுத்த உதவும் அறைகளும் இரு தடுப்பூசிகளும் முதல் ஆண்டிலேயே வருகின்றன. வரியைப் பற்றித் தனிக் கடிதமாக எழுதுகிறேன், ஏனெனில் அதை இந்த வரைவுக்குள் வைத்தால் வரைவு முழுவதையும் மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

‘மக்கள் தாமதமாக வருகிறார்கள்’ என்ற வாக்கியத்தை நீக்கிவிட்டேன்.


பதிவேட்டுக்காரர் எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். ‘நாட்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரியா, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை மதிப்பா என்று குறிப்பிடவில்லை. எதை எடுத்தாலும், 90 நாட்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் தனியாகக் கேளுங்கள். பாதிப் பேருக்குப் பத்து நாளில் முடிந்துவிட்டால் இடைநிலை மதிப்பு அழகாக இருக்கும். ஆறு மாதம் காத்திருந்த அம்மா அதில் தெரிய மாட்டார்.


இரவுப்பணிச் செவிலி எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. சிகிச்சைப் பதிவேட்டில் ‘வந்த நாள்’ என்ற கட்டம்தான் இருக்கிறது. ‘வர வேண்டிய நாள்’ என்ற கட்டம் இல்லை. அது இருந்தால்தான், ஒருவர் வராமல் போனது அன்று மாலையே எங்களுக்குத் தெரியும்.


வரைவாளர் எழுதியது:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். அந்தக் கட்டத்தின் அருகில் தொலைபேசி எண்ணுக்கு இரண்டு வரிகள் விட்டிருக்கிறேன்: ஒன்று நோயாளிக்கு, மற்றொன்று அவரோடு வருபவருக்கு.